கடலுக்கடியில் மயில் விரட்டியது

எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு என்பது ஆலங்குடிப் பக்கத்து ஆட்களுக்கு மீன்காரரின் ஹாரன் சத்தம் கேட்கும்போதுதான் நினைவுக்கு வரும். ஐஸ் பெட்டிக்குள் வாய் பிளந்து கிடக்கும் சூடையும் சாளையும் எங்கிருந்து வருகின்றன என்று யாரும் கேட்பதில்லை. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் என் அம்மா கடலைப் பார்த்ததில்லை. ஊரே வேன் பிடித்து ராமேஸ்வரம் போனபோதும், மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது என்று சொல்லி நின்றுகொண்டாள்.

அதனால் இந்தப் பங்குனியில் நான் போன பயணத்தை வெளிநாட்டுப் பயணம் என்றே வைத்துக்கொள்கிறேன். தண்ணீர் வேறு, சாப்பாடு வேறு, பேச்சு வேறு. மூச்சு விடும் முறைகூட வேறாக இருந்தது. அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் விலங்கியல் முதுகலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். எங்கே போனாலும் இதைச் சொல்லிக்கொள்வேன். பெருமைதான், அதில் மறைக்க என்ன இருக்கிறது. கடலோர மீன்வளத்தைப் பற்றி ஆய்வு செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் கள உதவியாளராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்கு நேரே, கடலில் சிமெண்டுக் கட்டிகளை இறக்கிச் செயற்கைப் பாறை அமைத்திருக்கிறார்கள். மீன் ஒதுங்க இடம், முட்டை வைக்க இடம். அவை இறங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மீன் வந்ததா இல்லையா என்று யாராவது உள்ளே இறங்கிப் பார்த்துப் படம் எடுத்து வரவேண்டும். அலுவலகத்தில் கேட்டபோது நான் கையைத் தூக்கிவிட்டேன்.

திருச்சியில் ஒரு நீச்சல் குளத்தில் ஸ்கூபா பயிற்சி, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு முங்குவதற்கு. சொல்லிக் கொடுத்தவர் ஜெனிட்டா அக்கா, தூத்துக்குடிக்காரர். என் நீச்சலைப் பார்த்து அசந்துபோனார். பிறகு என் மூச்சைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

காரணம் எங்கள் கிணறு. எங்கள் பக்கம் பம்புசெட் கிணற்றில் குழாயின் அடி வாயான புட்வால்வில் இலையோ சாக்குத் துணியோ அடைத்துக்கொண்டால் யாராவது முங்கிப் போய் எடுத்துவிட வேண்டும். எட்டாவது படிக்கும்போதிலிருந்து அந்த யாராவது நான்தான். நெஞ்சு நிறைய இழுத்துத் தம் கட்டிக்கொண்டு போய், காது விண்ணென்று இரைய, கையால் துழாவி அடைப்பை எடுத்துக்கொண்டு மேலே வருவேன். ஊரில் மற்ற கிணற்றுக்காரர்களும் வந்து கூப்பிடுவார்கள். தண்ணீருக்குள் எது நடந்தாலும் மூச்சைப் பிடி என்பது என் உடம்பில் ஊறிப்போனது.

ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சைப் பிடிக்காதே என்பது. சிலிண்டரிலிருந்து வருவது அமுக்கி அடைத்த காற்று. அதை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு மேலே வந்தால், வர வர அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். இதை நான் புத்தகத்தில் படித்து, அடிக்கோடு போட்டு, தேர்வில் சரியாக எழுதியும் விட்டேன். ஆனால் குளத்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தவுடன் தம் கட்டினேன். ஒவ்வொரு முறையும்.

"ஏ பிள்ள, உனக்கு நீச்சல்ல ஒரு குறையும் இல்ல. ஆனா நீ மூச்சப் பிடிக்க. அது ஆளக் கொன்னுரும்" என்றார் ஜெனிட்டா அக்கா. "கடல்ல வச்சுப் பாக்கேன். அங்கயும் பிடிச்சேன்னா நீ கரை ஏறிக்கோ. நான் எங்க ஊர்லருந்து வேற ஆளக் கூப்பிட்டுக்கிடுதேன்."

கரை ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். புதுக்கோட்டை அலுவலகத்தில், யாரோ கடலுக்குள் போய் எண்ணிய மீனை நான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருப்பேன்.

வீட்டில் சொன்னேன். அம்மா புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"கடலுக்குள்ள போறவ ஒத்தையிலயா போவே? நானும் வாரேன்."

"நீ வந்து என்னம்மா பண்ணப் போறே?"

"நீ உள்ள போ. நான் கரையில நிக்கிறேன். ஒனக்கு ஏதும் ஒண்ணுன்னா அங்கிட்டு ஆள் வேணாமா?"

கடலில் எனக்கு ஏதும் ஒன்றென்றால் கரையில் நிற்கிற அம்மா என்ன செய்வாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

புதன்கிழமை கிளம்பினோம். அறந்தாங்கியைத் தாண்டியதும் ஜெனிட்டா அக்காவின் ஜீப் கிளட்ச் போய் நின்றுவிட்டது. மீன் ஏற்றக் காலியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு குட்டியானை லாரியை மறித்து, சிலிண்டர்களையும் மூட்டைகளையும் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அடுக்கினோம். அம்மா முன்சீட்டில். நானும் அக்காவும் பின்னால், சிலிண்டர் உருளாமல் காலால் முட்டுக் கொடுத்தபடி.

வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டது.

"யாருக்கும்மா முடியல? ஆக்சிஜன் போகுது?" என்றார் பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர்.

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்க பெரியப்பா. இது ஆக்சிஜன் இல்ல, சாதாக் காத்துதான். கடலுக்குள்ள மூச்சு விடுறதுக்கு."

"கடலுக்குள்ள எதுக்கும்மா போய் மூச்சு விடணும்? இங்கன கரையில விட்டா ஆகாதா?"

கடையே சிரித்தது. குட்டியானைக்காரர் கையில் கிளாஸோடு திரும்பி, "இம்புட்டு நேரமும் காத்தையா ஏத்திக்கிட்டு வந்தேன்?" என்று கேட்டார். அம்மாவும் சிரித்தாள். அவள் டீயில் எப்போதையும்விட ஒரு கரண்டி சர்க்கரை அதிகம் கேட்டு வாங்கியதைப் பார்த்தேன். பயந்திருக்கிறாள்.

கடல் தெரிந்தபோது வண்டியிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அலையே இல்லையே?" என்றாள்.

உண்மைதான். எங்கள் மாவட்டத்துக் கடல் பாக் நீரிணைக் கடல். காற்றில்லாத நாளில் கரையில் வந்து நக்கிவிட்டுப் போகும், அவ்வளவுதான். டிவியில் பார்க்கிற கடலை எதிர்பார்த்து வந்தவளுக்கு ஏமாற்றம்.

"நம்ம கம்மா நெறைஞ்சு கெடந்தாக்கூட இதவிட அலை அடிக்கும். இம்புட்டுத் தண்ணி கெடந்து என்ன, ஒரு பாத்திக்குப் பாய்ச்ச முடியுதா?"

கரையில் நாட்டுப்படகுகள் எல்லாம் வரிசையாகச் சும்மா நின்றன. அன்று விசைப்படகுக்காரர்கள் கடலுக்குப் போகும் நாள். இந்தப் பக்கத்தில் வாரத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெரிய படகு போகிற நாளில் சின்னப் படகு போகாது, சின்னப் படகின் நாளில் பெரியது போகாது. போனால் வலை அறுபடும், சண்டை வரும். எங்களுக்கு வியாழனும் வெள்ளியும் கிடைத்தன. சனிக்கிழமை மறுபடி விசைப்படகின் நாள். இதை நான் அம்மாவுக்கு விளக்க ஆரம்பித்தபோது பாதியிலேயே தலையாட்டினாள்.

"மொறத் தண்ணின்னு சொல்லேன்."

எங்கள் ஊரில் கண்மாய்த் தண்ணீரை வயல்காரர்கள் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். அதேதான். நான் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்த விஷயம்.

தங்கியது படகுக்காரர் காளிதாஸ் அண்ணன் வீட்டில். அவர் மனைவி பஞ்சவர்ணம் அக்கா நண்டுக் குழம்பு வைத்திருந்தார். தட்டில் விழுந்த நண்டைப் பார்த்து அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எங்கூரு நண்டு கட்டவெரல் தண்டி இருக்கும். வரப்புல ஓட்டை போடும். இது என்ன, ஆளுக்கே ஓட்டை போடும்போல?"

"கடிச்சு உறிஞ்சுங்கக்கா, ஓட்டை நீங்க போடுங்க" என்றார் பஞ்சவர்ணம் அக்கா. அம்மா மூன்று நண்டு சாப்பிட்டாள். நாங்கள் கொண்டுபோயிருந்த அவித்த கடலையை அக்கா பதிலுக்கு வாங்கி, தோலோடு வாயில் போட்டு மென்றுவிட்டுத் துப்பினார். இருவரும் அன்றைக்கே சேர்ந்துவிட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு தெருப் பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு சுற்றிச் சுற்றிக் கல்லுக்கே வந்தது. அவர்கள் அதைப் பாறை என்று சொல்வதில்லை, கல் என்றுதான் சொல்கிறார்கள்.

"கல்லக் கொண்டாந்து கொட்டிட்டு, போட்டோப் புடிச்சுட்டுப் போனவங்கதான். கீழ என்ன இருக்குன்னு எவளுக்குத் தெரியும்?" என்றார் ஒருவர்.

"அந்தப் பக்கம் தூண்டி போட்டா இப்ப ஏதோ கடிக்குதுங்குறாக" என்றார் இன்னொருவர்.

"கடிச்சது மீனா, ஓம் புருசன் சொல்ற பொய்யா?"

பஞ்சவர்ணம் அக்கா என்னைக் கை காட்டினார். "இந்தா, இதுதான் நாளைக்கு எறங்கப் போகுது. வந்து சொல்லும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜெனிட்டா அக்கா நண்டுக் காலைக் கடித்தபடி என்னைப் பார்க்காமல் இருந்தார்.

வியாழக்கிழமை காலையில் அம்மா எனக்குத் தலை சீவிவிட்டாள். கடலுக்குள் போனால் முடி பாழாகிவிடும் என்று தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்து, இறுக்கிப் பின்னினாள். நானும் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எம்.எஸ்சி. படித்த புத்தி எங்கே போனதென்று தெரியவில்லை.

படகில் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. காளிதாஸ் அண்ணன் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து எஞ்சினை அணைத்து நங்கூரம் போட்டார். "நாலு பாகம் ஆழம்" என்றார். ஒரு பாகம் என்பது ஒரு ஆள் இரு கையையும் விரித்த நீளம். எங்கள் கிணற்றில் கோடைத் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூட.

முதுகுப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்க இறங்க வெளிச்சம் பச்சையானது. மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துவிட்டேன். இழு, விடு, இழு, விடு. காற்றுக் கொப்புளங்கள் கலகலவென்று காதோரம் மேலே போயின. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கீழே பச்சை இருட்டில் பெரிதாக ஏதோ கருப்பாகத் தெரிந்தது. கல். கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

எண்ணெய் வழிந்த நெற்றியில் மாஸ்க் லேசாக வழுக்கியது. காதோரத்து முடிக்கற்றை ஒன்று அதன் ரப்பர் விளிம்புக்குள் போயிருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் மளமளவென்று உள்ளே வந்தது. கண் எரிந்தது, மூக்கில் ஏறியது.

நான் தம் கட்டினேன்.

யோசித்துச் செய்யவில்லை. நெஞ்சு தானாக நிறைந்து பூட்டிக்கொண்டது. நிறைந்த நெஞ்சு பலூன் மாதிரி, உடம்பு மேலே கிளம்பியது. அது கிளம்புவது எனக்குச் சுகமாகக்கூட இருந்தது. கிணற்றில் அடைப்பை எடுத்துக்கொண்டு மேலே வருகிற அதே சுகம். அடுத்த கணம் என் மிதவை ஜாக்கெட்டை யாரோ பிடித்துக் கீழே இழுத்தார்கள். ஒரு கை என் வயிற்றில் ஓங்கி அமுக்கியது. காற்று பொத்துக்கொண்டு வெளியே வந்தது.

ஜெனிட்டா அக்கா அந்தக் கையை எடுக்காமலே என்னை மேலே கொண்டுவந்து சேர்த்தார்.

படகில் ஏறினோம். காளிதாஸ் அண்ணன் சொன்னார்: "கொப்புளம் நின்னுபோச்சு. நான் எந்திரிச்சு நின்னுட்டேன்."

"மூச்சப் பிடிச்சிட்ட" என்றார் அக்கா.

"தெரியும்க்கா."

"உனக்குத் தெரியுது. உன் நெஞ்சுக்குத் தெரியலையே." அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்கு ஒரு தடவை. நான் மாஸ்க்க ரொப்பச் சொல்லுவேன், நீ தண்ணிய வெளியேத்தணும், மூச்ச விடணும். பிடிச்சேன்னா அதோட முடிஞ்சுது. எனக்கு உன் வேலையவிட உன் உசுரு பெருசு."

அன்று சாயங்காலம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்திருந்தேன். காலையில் நடந்தது எல்லாவற்றையும் காளிதாஸ் அண்ணன் அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விட்டுருத்தா. ஆபீசுல உக்காந்து பாத்தா என்ன? ஃபேனு ஓடும். ஒன்னப் படிக்க வச்சது நெழல்ல உக்காரத்தானே?"

"நீ நிழலுக்குப் படிக்க வச்சே. நான் அதுக்குப் படிக்கல" என்றேன். கொஞ்சம் சுள்ளென்றுதான் விழுந்தது. அவள் போனை என்னிடம் நீட்டினாள், அப்பாவுக்குப் போட்டுக் கொடுக்கச் சொல்லி. ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

அப்பா நிலக்கடலை வயலில், எங்கள் பேச்சில் கடலைக் கொல்லையில், நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கம் விவசாயிக்குப் பெரிய தொந்தரவு மயில். கூட்டமாக இறங்கிக் கடலைச் செடியைக் கிளறிக் காயைக் கொத்திவிடும். வருகிற மயிலையெல்லாம் சத்தம் போட்டே விரட்ட வேண்டும். அம்மா அங்கே இல்லாததால் அப்பா ஒற்றை ஆள்.

"சாப்பிட்டியளா?" என்றாள் அம்மா.

"ம்... அது இருக்கட்டும், புள்ள எப்படி... ஏஏஏஏஏஏஏய்ய்ய்ய்!"

போன் அதிர்ந்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏங்க, காதே போச்சு!"

"மயிலு மேலக் கொல்லையில எறங்கிருச்சு. இந்தா வாரேன்... ஏஏஏஏஏஏஏஏய்ய்ய்!" அப்பாவின் கத்தல் இழுத்துக்கொண்டே போய், காற்று தீர்ந்து, கடைசியில் இருமலில் முடிந்தது.

நான் படகிலிருந்து குதித்து இறங்கினேன்.

கத்துகிறவனால் மூச்சைப் பிடிக்க முடியாது. மேலே வரும்போது ஆவென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு வா என்று ஜெனிட்டா அக்கா திருச்சியிலேயே சொல்லியிருந்தார். மெதுவாக முனகிப் பார்த்திருக்கிறேன். பயம் வந்ததும் முனகல் நின்றுவிடும், தம் கட்டிக்கொள்ளும். ஆனால் மயிலை விரட்டும் சத்தம் வேறு. அதை நான் கிணற்றில் முங்குவதற்கும் முன்னால், நடக்கப் பழகியதிலிருந்து போடுகிறேன். மயிலைக் கண்டால் யோசிக்காமல் வாயில் வரும். அதுவும் என் உடம்பில் ஊறியதுதான்.

ஜெனிட்டா அக்காவிடம் கேட்டு, வாயில் கவ்வி மூச்சு விடும் ரெகுலேட்டரையும் மாஸ்க்கையும் ஒரு சிலிண்டரையும் வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "சும்மாக்கா, கரையோரமா" என்றேன். அவரும் கூடவே வந்து இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டார். இடுப்பளவு தண்ணீரில் மண்டி போட்டு, முகத்தை முக்கி, மாஸ்க்கை வேண்டுமென்றே தூக்கித் தண்ணீரை ரொப்பினேன். ரொப்பிய கையோடு கத்தினேன். ஏஏஏய். தண்ணீர் கொதிக்கிற மாதிரி என்னைச் சுற்றிக் கொப்புளம். மறுபடி ரொப்பு, மறுபடி கத்து. வாயில் கத்திக்கொண்டே மூக்காலும் ஊத, மாஸ்க்கில் இருந்த தண்ணீர் வெளியே போனது.

தலையைத் தூக்கியபோது பஞ்சவர்ணம் அக்கா கரையில் நின்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஓம் மகளுக்கு என்னாச்சுடி? தண்ணிக்குள்ள மாடு கத்துற மாதிரி கத்துது."

"மாடு இல்ல" என்றாள் அம்மா. "மயிலு வெரட்டுறா."

வெள்ளிக்கிழமை எண்ணெய் இல்லை. முடியை வறண்டபடியே இறுக்கிக் கட்டி, ஒரு கற்றை வெளியே வராமல் துணித் தொப்பிக்குள் திணித்தேன். அம்மாவும் படகில் ஏறினாள். வேண்டாம், வாந்தி வரும் என்றார் காளிதாஸ் அண்ணன். வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். எஞ்சினை அணைத்துப் படகு ஆடத் தொடங்கியதுமே வாந்தி வந்தது.

"அக்கா, தண்ணியில கொப்புளத்தப் பாத்துக்கிட்டு இருங்க. கொப்புளம் வர்ற வரைக்கும் புள்ள மூச்சு விடுதுன்னு அர்த்தம்" என்றார் அண்ணன். நான் சாய்ந்து விழும்போது அம்மா பக்கத்துப் பலகையில் கவிழ்ந்து, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

கல்லுக்குப் பக்கத்தில் மணலில் மண்டி போட்டோம். ஜெனிட்டா அக்கா என்னை நேருக்கு நேர் பார்த்தார். விரலால் மாஸ்க்கைக் காட்டினார். ரொப்பு.

ரொப்பினேன். உப்புத் தண்ணீர் கண்ணில் அறைந்தது. நெஞ்சு நிறைந்தது, பூட்டப் பார்த்தது. மேலக் கொல்லையில் மயில் இறங்குவதை நினைத்துக்கொண்டேன். நீலக் கழுத்தை ஆட்டிக்கொண்டு, கடலைச் செடியில் காலை வைத்து.

ஏஏஏஏஏஏஏஏய்!

நாலு பாகம் ஆழத்தில் அந்தச் சத்தம் எனக்கே வேறு யாரோ கத்துகிற மாதிரிக் கேட்டது. கொப்புளம் கொட்டியது. மூக்கால் ஊதினேன். மாஸ்க்கில் தண்ணீர் இறங்கியது, அக்காவின் முகம் தெளிந்தது. அவர் கண்கள் விரிந்திருந்தன. இன்னொரு முறை என்று விரல் காட்டினார். இன்னொரு மயில். மூன்றாவது முறை. அந்த மயிலும் போனது. அவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துச் சேர்த்துக் காட்டினார். சரி என்று அர்த்தம். பிறகு இடுப்பிலிருந்து கேமராவைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் நான் சுற்றிப் பார்த்தேன்.

கட்டிகளில் சில முக்கோணக் கூடுகள். சில வட்டமாக, எங்கள் ஊரில் கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறை மாதிரியே, பக்கமெல்லாம் ஓட்டை வைத்து. சிமெண்டு என்று சொல்ல முடியாதபடி மேலே பாசியும் சிப்பியும் பஞ்சு பஞ்சாக ஏதேதோவும் அப்பிக்கிடந்தன. தண்ணீர் கண்ணாடி மாதிரியெல்லாம் இல்லை. இரண்டு மூன்று ஆள் தூரத்துக்கு மேல் எல்லாம் பச்சைப் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து ஓரா மீன் கூட்டம் ஒன்று வந்து, என்னைச் சுற்றிக்கொண்டு, புகைக்குள்ளேயே போனது. ஒரு உறைக்குள் களவா மீன் ஒன்று, வாயைத் திறந்து மூடியபடி, வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் கேமராவை நீட்டியதும் நகராமல் முறைத்தது. ஒரு முக்கோணத்தின் முனையில் இழுவலைத் துண்டொன்று கிழிந்து தொங்கியது. இந்த இடத்தில் வலையை இழுத்த எவரோ வலையை இழந்துவிட்டுப் போயிருக்கிறார்.

கடைசி உறைக்குள் தலையை விட்டுப் பார்த்தபோது, மேல் விளிம்பிலிருந்து கொத்துக் கொத்தாக வெள்ளையாக ஏதோ தொங்கியது. கடலைச் செடியைப் பிடுங்கித் தலைகீழாகக் கட்டிவிட்ட மாதிரி. ஒவ்வொரு காயிலும் உள்ளே பருப்பு புடைத்துக்கொண்டு தெரிவதுபோல உருண்டை உருண்டையாக. கணவாய் முட்டை. படத்தில் பார்த்திருக்கிறேன். அறுவடைக்கு வந்த கொல்லையைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கொத்தாக, பொறுமையாகப் படம் எடுத்தேன்.

மேலே வரும்போது வழி நெடுக, மெதுவாக, மயில் விரட்டிக்கொண்டே வந்தேன்.

தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டியபோது எனக்கு நேராக அம்மாவின் முகம். வெளுத்து, எலுமிச்சை வாசத்தோடு.

"வந்துட்டியா" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திரும்பி வாந்தி எடுத்தாள்.

ஜெனிட்டா அக்கா படகில் ஏறி, மாஸ்க்கைக் கழற்றியதும் முதலில் சிரித்தார். "என்னட்டி அது சத்தம்? நேத்துக் கரையில கேட்டது இவ்வளவு இல்லையே. சிலிண்டர்ல ஏதோ கோளாறுன்னு ஒரு நிமிசம் பயந்துட்டேன். கடலுக்கடியில யாரும் இப்படிக் கத்தி நான் கேட்டதில்ல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்கு நமக்கு முறை இல்ல. ஞாயித்துக்கிழமை அடுத்த கல்லுக் கூட்டம். நீதான் கேமரா. கத்திக்கிட்டே எடு, எனக்கென்ன" என்றார்.

சாயங்காலம் காளிதாஸ் அண்ணன் வீட்டு வாசலில் லேப்டாப்பை வைத்து எல்லோருக்கும் காட்டினேன். ஓராவுக்கு ஒரு ஆரவாரம். களவாவுக்குப் பெரிய ஆரவாரம். அதற்குக் குழம்பா வறுவலா என்று வழக்கு நடந்தது. அப்புறம் முட்டை வந்தது. பஞ்சவர்ணம் அக்கா குனிந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"முன்னாடி வலையில மாட்டிக்கிட்டு வரும். இப்ப பாத்து நாளாச்சு." நிமிர்ந்து, புதன்கிழமை கேள்வி கேட்டவரைத் திரும்பிப் பார்த்தார். "வந்துட்டுப் போறதா முட்டை வைக்கும்? குடி வந்துருச்சுடி."

காளிதாஸ் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். எழுதும்போது ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று. "வாசிச்சுட்டு நாளைக்கே நாலு ஊருப் படகு அங்கிட்டு வந்து நிக்கும்." அதனால் போடவில்லை.

இரவு சாப்பிடும்போது அம்மாவே பேச்சை எடுத்தாள். கொல்லையில் அப்பா ஒற்றையாகக் கத்திக்கொண்டிருக்கிறார், குரல் போய்விட்டது, அவள் காலையில் ஊருக்குப் போகிறாள்.

"நான் வந்து ஆலங்குடில விட்டுட்டு வரட்டா?"

"எதுக்கு? ஒனக்கு இங்க வேலை கெடக்கு."

"அறந்தாங்கில பஸ் மாறணும்மா. போர்டு..."

"வாய் இருக்குல்ல. கேட்டுப் போயிக்குவேன்." கருவாட்டுப் பொட்டலத்தைப் பையில் அடியில் வைத்து, மேலே புடவையை வைத்து, பிறகு மணக்கும் என்று மாற்றி வைத்தாள். நிழலைப் பற்றியோ ஃபேனைப் பற்றியோ பேச்சே இல்லை.

சனிக்கிழமை காலையில் பஸ் வந்தது. அம்மா ஏறி ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தாள். நான் கீழே, ஜன்னலுக்கு நேராக. கண்டக்டர் அவளிடம் வந்தார்.

"அறந்தாங்கி ஒண்ணு" என்றாள்.

"பாப்பா வரலையா?"

"அதுக்கு நாளைக்கு வேலை இருக்கு."

"இங்க என்ன வேலை? எறால் கம்பெனியா?"

அம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வயல்காட்டில் பேசுகிற அதே குரலில், கடைசி சீட் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"கம்பெனியில்ல. கடல்ல. மேல இல்ல, அடியில. நான் பக்கத்துல படகுல இருந்து பாத்தேன்ல."

விசில் ஊதி பஸ் நகர்ந்தது. முன்சீட்டுப் பெண் ஒருவர் உடம்பை முழுக்கத் திருப்பி "அடியிலயா?" என்று கேட்பதும், அம்மா கையை ஆட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதும் பஸ் வளைவில் திரும்பும் வரை எனக்குத் தெரிந்தது.